எனக்காகப் போட்ட அசனம்

சனிக்கிழமை, ராத்திரி.

நான் மாரடைப்பிலிருந்து பிழைத்ததற்கு என் பெண்டாட்டி மாதாவுக்கு நேர்ந்திருந்த அசனம் இன்று. கோயில் வளாகத்தில் ஊருக்கே ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும். காலையில் துறைமுக ரோட்டில் வேர்க்க வேர்க்க ஓடிவிட்டு வந்த எனக்குத்தான் முதல் இலை. வேண்டாம் என்றேன். “நேர்ச்சைச் சோறு ஒண்ணும் செய்யாது, தின்னுங்க அத்தான்” என்று கொழுப்புத் துண்டாகப் பார்த்து அள்ளி வைத்தான் மைத்துனன் அந்தோணி.

எரிச்சலில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். விடாமல் கறிவாளியோடு பின்னாலேயே வந்தவன், மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “வெறும் வாய்வுதான்” என்கிறான். திட்டிக்கொண்டே ஆட்டோவில் தள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இந்தத் தடவை ஒன்றுமில்லையாம். “நான் அப்பவே சொன்னேம்லா” என்று வழியெல்லாம் சிரிக்கிறான். எனக்கு மாரடைப்பு வந்த அன்றைக்கு ஐசியு வாசல்வரைக்கும் வாய்வு, வாய்வு என்றுதான் நானும் சொல்லிக்கொண்டு போனேன், மடப்பயலே.