வியர்வை நின்ற நாள்

ஜூலை 12
இன்றும் சண்டை. என் வீட்டுக்காரர் பெய்லியாங் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஏசியைப் பதினெட்டில் வைத்து, ஐஸ் பீரோடு அதன் நேர் கீழே உட்கார்ந்தார். பகல் முழுக்க நூடுல்ஸ் அடுப்பு முன்னால் நிற்கிற மனுஷன், புரிகிறது. ஆனால் குளிர்காலம் வந்தால் மூன்று மாதம் இருமித் தள்ளுவது யார்? "கோடையில உள்ள போற குளிர்தான் அப்ப இருமலா வருது" என்றேன்.

"இருபது வருஷமா இதே பாட்டு, டாக்டரம்மா. மெட்டையாவது மாத்து" என்றார்.

ஜூலை 15
கடுங்கோடையின் முதல் நாள். எங்கள் சீன வைத்திய மருத்துவமனையில் வாசல் வரை வரிசை, குளிர்கால இருமல் வராமலிருக்க எல்லாருக்கும் முதுகில் மருந்துப் பற்று. வெண்கடுகும் இஞ்சிச் சாறும் குழைத்துக் குழைத்து விரல் எரிகிறது. பன்னிரண்டு மணிக்கு வரிசையில் பார்த்தால் என் வீட்டுக்காரர்! தானாகவே வந்திருக்கிறார்.

"போன குளிருக்கு நீ எனக்காகத் தூங்காம உக்காந்திருந்தியே. இந்த வருஷம் நீ சொல்றபடி நடக்கறேன்" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

பற்று போட்ட அன்றைக்கு ஐஸ் கூடாது, பச்சைத் தண்ணீரில் குளிக்கக் கூடாது, ஏசி கூடாது. மற்றவர்களுக்கு ஒரு நாள்தான் சொல்வேன். இவருக்குப் பத்து நாள் என்றேன். விட்டால் இப்படி ஒரு வாய்ப்பு எப்போது கிடைக்கும்? தலையாட்டினார்.

ஜூலை 19
வெளியே முப்பத்தொன்பது டிகிரி வெயில். ஏசியைத் தொடவில்லை. வெந்நீரை முகம் சுளிக்காமல் குடிக்கிறார்.

ஜூலை 22
தலைவலி, கால் குடைச்சல் என்கிறார். உள்ளே தங்கின பழைய குளிர் வெளியே கிளம்புகிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன். "அப்ப சரி" என்று கடைக்குப் போய்விட்டார். முன்பென்றால் வாதாடியிருப்பார்.

ஜூலை 23
நல்ல செய்தி. வியர்வை நின்றுவிட்டது. முதுகைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து, சூடாக இருந்தது. உடம்பிலிருந்த ஈரமெல்லாம் வெளியேறிவிட்டது.

ஜூலை 24
கடையில் விழுந்துவிட்டார்.

ஜூலை 26
உடம்பில் நாற்பத்தொன்றரை டிகிரி சூடு இருந்ததாம். ஆம்புலன்ஸில் அக்குளில் ஐஸ் வைத்தார்கள். நான் வேண்டாமென்று அவர்கள் கையைப் பிடித்தேனாம் — எனக்கு நினைவே இல்லை. இன்னும் கண் திறக்கவில்லை. சிறுநீரகமும் அடிவாங்கியிருக்கிறது.

வெயில் தாக்கினால் வியர்வை நிற்கும், தோல் காயும். எங்கள் பழைய புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. நானே பரீட்சையில எழுதியிருக்கேனே. வேற யார் முதுகா இருந்தாலும் தொட்ட உடனே தெரிஞ்சிருக்குமே எனக்கு. எப்படித் தெரியாமப் போச்சு? அவர் என் பேச்சைக் கேட்டுவிட்டார், ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு. அதுதான் கண்ணை மறைத்தது.

ஜூலை 31
கண் விழித்தார். நான் அழுததைப் பார்த்து நர்ஸ் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

ஆகஸ்ட் 9
எதிர்வீட்டு ஹௌ அக்கா வார்டுக்கு வந்தாள். "வீட்டுலயே டாக்டர வச்சுக்கிட்டு எப்படிப்பா விழுந்த?"

"இவ படிச்சுப் படிச்சு சொன்னா, உடம்பப் பாத்துக்கோன்னு. நான்தான் கேக்கல" என்றார் பெய்லியாங். என் பக்கம் திரும்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21
வீட்டுக்கு வந்து மூன்று நாள். காலையில் எங்கள் தலைமை மருத்துவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வீட்டுக்கு வந்து, சொல்லிவிட்டேன் என்று இவரிடமும் சொன்னேன். "எதுக்குச் சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் வெண்பூசணி சூப் வைத்தேன். உப்பில்லை, மருந்துச் சரக்கு எதுவும் போடவில்லை. கிண்ணத்தை முன்னால் வைத்ததும் கைபேசியை எடுத்து, சூப்பைப் படம்பிடித்து, சிறுநீரக மருத்துவருக்கு அனுப்பினார்.

"தப்பா எடுத்துக்காத. சும்மா கேட்டு வச்சுக்கறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை.

எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். சூப்பில் ஆவி அடங்கியது. இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது, குடிக்கலாம் என்று. அதற்குப் பிறகு ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.