அப்பா கண்ணின் கழித்தல் கணக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் ஊரில் நேற்று 2.5 டிகிரி, இன்று மைனஸ் 3.5 என்று போனில் பார்த்தேன். ஒரு டிகிரிதானே குறைஞ்சிருக்கு, இதுக்கு ஏன் புலம்புறே என்கிறார் உன் அப்பா. பூஜ்ஜியம் வரைக்கும் இரண்டரை, அதற்குக் கீழே இன்னும் மூன்றரை, ஆக மொத்தம் ஆறு டிகிரி இறங்கியிருக்கிறது என்று சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. நீயாவது கம்பளிக் கோட்டை மறக்காமல் போட்டுக்கொள்.

இந்த லட்சணத்தில்தான் மனுஷர் தன் கண்ணுக்கும் கணக்குப் போட்டிருக்கிறார். கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிறேன், எனக்கு வயசு குறையுது என்று உன்னிடம் பீற்றிக்கொண்டாரே, நீயும் கைதட்டினாயே. எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது, தெருமுனையில் நான் வந்தால் யாரோ என்று பார்க்கிறார். கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி பவர் முன்பு பிளஸ் 0.75, இப்போது மைனஸ் 1.5. முக்கால்தானே வித்தியாசம், ஒரு தையல் பிரிச்சா சரியாயிடும் என்று டாக்டரிடமே ஜோக் அடித்தார். தையல் கடைக்காரர் அல்லவா, அவர் டேப்பில் எல்லாமே பூஜ்ஜியத்திலிருந்து ஒரே பக்கம்தானே. டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிளஸ்ஸுல இருந்து மைனஸுக்குத் தாண்டியிருக்கு, ரெண்டையும் கூட்டணும், ரெண்டேகால் மாறியிருக்கு, கிட்ட இருக்கிறது தெளிவாத் தெரியிறதும் அதனாலதான், ரெண்டு கண்ணுலயும் புரை, ஆபரேஷன் பண்ணணும் என்றார்.

இவர் மாட்டவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கண்ணுல ஏதாவது ஏறுமாறாச்சுன்னா கடையை மூடணும், அப்புறம் நான் எதுக்கு என்று கேட்டார். பாவமாக இருந்தது. நேற்று சாப்பிட உட்கார்ந்தவர் தானாகவே ஒன்று சொன்னார். போன தடவை உன்னை விமான நிலையத்தில் வழியனுப்பினோமே, அப்போது கண்ணாடிச் சுவருக்குள்ளே நின்ற பெண்ணை நீ என்று நினைத்து வெகுநேரம் கை ஆட்டினாராம். அவள் கிட்டே வந்தபோதுதான் வேறு யாரோ என்று தெரிந்ததாம், அதற்குள் நீ உள்ளே போய்விட்டாய். இத்தனை நாள் என்னிடம்கூட மூச்சுவிடவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார். முந்தின நாள் அவசியம் போன் செய், கணக்கைச் சொல்லிக் கேலி மட்டும் செய்யாதே. அடுத்த தடவை என் பொண்ணுக்குத்தான் கை ஆட்டணும் என்கிறார்.

நூறு வயசுக்கு நல்லா இரு கண்ணு.

உன் அம்மா