செருப்பைக் கழற்றச் சொன்ன மேடை

உ

மயிலாப்பூர்
20-11-74

அன்பு மகள் சுந்தரவல்லிக்கு அம்மா எழுதுவது. உன் மகன் இசக்கிமுத்து உயிரோடு இருக்கிறான், சாப்பிடுகிறான், பேசுகிறான். அதை முதலிலேயே எழுதிவிட்டேன், இனி நீ பதறாமல் படிக்கலாம். நீயும் மாப்பிள்ளையும் பிலாய்க் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க முருகன் துணை. ஞாயிற்றுக்கிழமை அடையாற்று மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைக்கிறேன், நாளைக்கு ஒருத்தரும் மாற்றிப் பேசக்கூடாது. நான் இருந்தேன். உன் அண்ணன் அய்யாதுரை இருந்தான், அவன் பெண்டாட்டி தேவானை இருந்தாள். உன் சித்தி தங்கபுஷ்பம் இருந்தாள். மேடையில் உன் மகனும் அவனோடு வாசிக்கிற காலேஜ் பையன்கள் மூன்று பேரும். மேடை ஓரத்தில் மைக்செட்டும் லைட்டும் போட்ட சைதாப்பேட்டை மெஹபூப் அலி. மற்றபடி ஐந்நூறு பேர் இருக்கும், எல்லாம் முடி வளர்த்த பிள்ளைகள், எனக்கு யாரையும் தெரியாது.

உன் மகன் கரண்டில் வாசிக்கிற கிதார் ஒன்று வைத்திருக்கிறான். ஆடியில் இருந்தே வைத்திருக்கிறான், உனக்கு எழுதாதது என் தப்பு. ராக் கச்சேரி என்று பெயர், பாட்டி நீ வந்து முன்னால் உட்கார வேண்டும் என்று தீபாவளி அன்றைக்கே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டான். ஞாயிறு காலையில் துணி காய்கிற வெயில். மூன்று மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது, நாலு தூறல் போட்டது, நின்றது, மறுபடி வெயில் அடித்தது, மறுபடி பிடித்தது. மேடைக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள், அது நடுவில் குழிந்து தண்ணீர் ஒழுகிப் பலகையெல்லாம் நனைந்து கிடந்தது. தேவானை குடை கொண்டு வந்திருந்தாள், தன் பட்டுச்சேலைக்கு மட்டும் பிடித்துக்கொண்டாள், உன் கல்யாணப் பந்தியிலும் அவள் முதலில் தன் இலையைத்தான் பார்த்தாள்.

மேடைத் துணி முழுக்க உன் அண்ணன் ஜவுளிக்கடையில் இருந்து கொடுத்தது. அதனால் குத்துவிளக்கை அவனையே ஏற்றச் சொன்னார்கள். இவன் விளக்கோடு விடவில்லை, முருகன் படம் வைத்தான், தேங்காய் உடைத்தான், சூடம் காட்டினான். பிறகு பையன்களைப் பார்த்து, சாமி இருக்கிற எடத்துல செருப்போட நிக்கப்படாது, எல்லாவனும் கழத்துங்கலே என்றான். பையன்கள் ரப்பர் செருப்புப் போட்டிருந்தார்கள், அது மெஹபூப் அலி போடச் சொன்னதாம். அந்த மனுஷன் மேடை ஏறி வந்து, செருப்ப கயட்டாத நைனா, பலக ஈரமா கீது, கரண்டு உடாது என்று சொன்னார். உன் அண்ணன் அவரைப் பார்த்து, நீரு ஒம்ம வயரப் பாரும் பாய், இது சாமி காரியம் என்றான். இசக்கி என்னைப் பார்த்தான். சுந்தரவல்லி, நான் மறைக்கவில்லை, கழத்துலே என்று நானும்தான் கையைக் காட்டினேன். சாமி முன்னால் செருப்போடு நிற்பது எனக்கும் பொறுக்கவில்லை. அதில் எனக்குப் பாதி பங்கு உண்டு.

முதல் பாட்டு என் காதைக் கிழித்தது. இரண்டாவது பாட்டுக்கு மழை வலுத்தது, ஒருத்தனும் எழுந்து போகவில்லை. உன் மகன் ஒரு கையில் கிதார் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் மைக்கின் இரும்புக் கம்பியைப் பிடித்தான். உடனே உடம்பு வெட்டி வெட்டி ஆடியது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள், பின்னால் ஒருவன், இன்னாமா ஆடுறான் பாரு மச்சி என்கிறான். நான் இசக்கி முகத்தைப் பார்த்தேன். பல் கிட்டியிருந்தது, கண் கொட்டவில்லை, கிதாரில் பாட்டு இல்லை, வண்டு மாதிரி ஒரே ரீங்காரம். கரண்டு பிடித்துவிட்டது என்று தெரிந்து நான் எழுந்தேன். உன் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். உக்காரும்மா, நாலு பேரு பாக்காவ, இவனுவ ஆட்டமே அப்படித்தான் என்றான். கரண்டுலே, விடுலே என்றேன். விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தான். உட்கார்ந்த இடத்தில் இருந்தே, பாய், புள்ள ஒட்டிக்கிட்டான் என்று அடிவயிற்றில் இருந்து கத்தினேன். மெஹபூப் அலி மேடையை ஒரு தடவை பார்த்தார், ஓடிப் போய் மெயினைப் பிடுங்கினார். எல்லா விளக்கும் அணைந்தது, அவன் பலகையில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம், இடது கையில் மூன்று விரல் வெந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் நெஞ்சு நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற உன் அண்ணன் என்னிடம் சொன்னது என்ன தெரியுமா, எல்லாம் முருகன் காப்பாத்துனது, நீ அத்தன பேரு முன்னால காட்டுக்கத்து கத்துனதுதான் எனக்கு அவமானமா போச்சு என்றான். நேரே தி.நகரில் அவன் வீட்டுக்குப் போனேன். இசக்கியின் பெட்டியை எடுத்துக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு இங்கே உன் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். பையனுக்கு நான்தான் ஊட்டிவிடுகிறேன். அப்பாவுக்கு எழுதாதே பாட்டி என்று கேட்டான், எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

இதை மாப்பிள்ளைக்கு முழுதாகப் படித்துக் காட்டு. பிள்ளையைத் திட்டி எழுத வேண்டாம், செருப்பைக் கழற்றியதும் பெரியவர்கள் சொல்லித்தான். பதிலை தி.நகர் விலாசத்துக்குப் போடாதே, இந்த விலாசத்துக்குப் போடு. மெஹபூப் அலிக்கு மாப்பிள்ளை கைப்பட இரண்டு வரி எழுதட்டும், அதை நானே சைதாப்பேட்டைக்குக் கொண்டு போய்க் கொடுக்கிறேன். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், குழந்தை முத்துலட்சுமிக்கு என் முத்தம்.

உன் அம்மா
பேச்சியம்மாள்

தை மாதம் உன் அண்ணன் அங்கே வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். வந்தால் சோறு போடு, உன் கூடப் பிறந்தவன், நான் தடுக்கவில்லை. செருப்பு விஷயத்தில் அவனுக்கும் எனக்கும் ஒரே புத்திதான், அதை நான் கணக்கில் வைக்கவில்லை. பேரன் துடிக்கும்போது எழுந்த என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தானே, அதற்காக, நான் வயிற்றில் சுமந்த மூத்த மகன்தான் என்றாலும், என் கட்டை வேகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன், அந்த அய்யாதுரையை.