பூட்டே இல்லாத கதவு

வியாழன், இரவு

இன்னும் கோபம் ஆறவில்லை. காலையில் கழக்கூட்டம் ஆபீசில் கூரியர் வண்டியை எடுக்கும்போதே சூப்பர்வைசர் பிஜு சார் சொல்லிவிட்டார். பொன்முடி பார்சலையும் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் திரும்ப வேண்டுமாம். கொண்டை ஊசி வளைவுகளும் மழையும் அவர் கணக்கில் இல்லை. மலையடிவாரக் கல்லாறு தாண்டுவதற்குள் அவரிடமிருந்து போன் வந்தது. "நேரமாயி. வீடு பூட்டிக் கெடந்துன்னு ஆப்புல போட்டுட்டு எறங்கி வா, கேட்டோ."

நான் ஏறினேன்.

தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் ஒரு பெண் வேலைக்குப் போகாமல் வாசலிலேயே காத்து நின்றாள். "போன தடவையும் வீடு பூட்டியிருக்குன்னு மெசேஜ் வந்துச்சுண்ணே. இந்தக் கதவுக்குப் பூட்டே கெடையாது."

பார்சலில் வந்த மிக்சியை அவள் கையில் கொடுத்து, கதவும் தெரியும்படி படம் எடுத்து ஆப்பில் ஏற்றினேன்.

சாயந்திரம் பிஜு சார் கத்தினார். "படத்துல கதவு எதுக்குடா?"

"பூட்டு எங்க இருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்" என்றேன்.

வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். நாளை தருவாரோ, மாட்டாரோ. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

தராவிட்டால் போகட்டும். திறந்து கிடக்கிற வீட்டை என் விரல் பூட்டாது.