கல்கிடங்கு மதினிக்குக் கேதம் சொன்னேன்

எங்கிருந்தாலும் இந்நேரம் குளித்து முடித்திருப்பாய் என்று நான் நம்புகிற என் முருகண்ணனுக்கு,

பட்டாசுக் கம்பெனி மருந்து அறை வேலை முடிந்து நீ தலை முதல் கால் வரை வெள்ளியாகத்தான் வீட்டுக்கு வருவாய். அலுமினியப் பவுடர் காதுமடலில்கூட மினுங்கும். "கம்பெனித் தொட்டியில ரெண்டு வாளி ஊத்திட்டு வந்தா என்னலே? அடுப்புப் பக்கம் வராத!" என்று அம்மா கத்துவாள். நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை விட்டு வரும் வழியில், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட கல்கிடங்கில் தேங்கிய தண்ணீரில் ஒருநாள் குளிக்க இறங்கினாய். வெள்ளியாய் மினுங்கிய உன்னைத் தன் இனத்தான் என்று நினைத்து அடியில் கிடந்த மீன்பெண் மேலே வந்தாள். நீ முங்கி எழுந்ததும் செதிலெல்லாம் கரைந்து வெறும் ஆளாக நின்றாய். "ஏமாத்துக்காரப் பயலே! உன் சாயத்தைக் கழுவ என் தண்ணிதான் கெடைச்சுதா?" என்று வாலால் அடித்தாள். அதன்பிறகு நீ அவள் தண்ணீரில் குளிக்கவில்லை. கம்பெனியிலும் குளிக்கவில்லை. வெள்ளியோடு போனால்தானே அவள் தலையை வெளியே நீட்டுவாள்?

நீ சொன்னபோது நான் நம்பவில்லை. என் காலேஜ் கடைசி வருஷத்தில் என்னை ஒருநாள் கூட்டிப்போனாய். பாறையில் முழங்கையை ஊன்றி, ரேஷன் கடை வரிசையில் நிற்பவளைப் போன்ற முகத்தோடு அவள் என்னைப் பார்த்தாள்.

"இதுதான் படிக்கிற தங்கச்சியா? வாயே தொறக்க மாட்டேங்கா."

"அவளுக்குக் கூச்சம்."

"கூச்சப்பட வேண்டியவ நானு. பாதி மீனு. ஏ பிள்ள, உங்கண்ணன் இத்தன வருஷத்துல ஒரு முழம் பூ வாங்கியாரல. புஸ்வாணம் கொண்டாரான். தண்ணிக்குள்ள அதை வச்சு நான் என்ன செய்ய?"

நீ தலையைச் சொறிந்தாய். வெள்ளி உதிர்ந்தது. சின்னக் குஞ்சாக மீன் லாரியின் ஐஸுக்குள் கிடந்தவளை யாரோ பயந்துபோய் இந்தக் கிடங்கில் வீசியிருக்கிறார்கள். உப்பில்லாத தண்ணீரில் வளர்ந்ததுதான் அவள் கோபத்துக்குக் காரணம் என்று நீ சொல்வாய். இந்தக் கோடைக்கு முன்னால் தூத்துக்குடிக் கடலில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவளிடம் சொல்லியும் இருந்தாய்.

மாசியில் அந்த வெடிச் சத்தம் வந்தபோது நான் அச்சகத்தில் வெடிப்பெட்டி லேபிள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. "எந்தப் பக்கம்?" என்று எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். நம் ஊரில் முதல் கேள்வி அதுதானே. காலைக் குளிர்ச்சியிலேயே கலந்து முடிக்க வேண்டிய மருந்து அண்ணே, வெயில் ஏறியும் அன்றைக்கு உன் அறையில் ஏன் கலந்தார்கள்? ஆர்டர் அவசரமா? வேண்டாம் என்று நீ சொன்னாயா? எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

மாமா ஊர் ஊராகப் போய்க் கேதம் சொல்லிவிட்டு வந்தார். சாவுச் செய்தியை ஆள் நேரில் போய்ச் சொல்லாவிட்டால் நம் சொந்தத்தில் அது சொன்னதாகாது. முன்னொரு கேதத்துக்குப் போனில் மட்டும் சொன்னோம் என்று மல்லாங்கிணற்றுப் பெரியம்மா வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது நினைவிருக்கிறதா? இந்தத் தடவை ஏழாயிரம்பண்ணை வரை ஒரு வாசல் விடவில்லை. கல்கிடங்குக்கு மட்டும் யாரும் போகவில்லை.

வைகாசியில் கிடங்குத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. அவளிடம் சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "தண்ணி வத்துது. லாரி பேசுதேன், கடலுக்குப் போயிருவோம்" என்றேன். அவள் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

"நீ யாரு?"

"முருகன் தங்கச்சி."

"அப்போ அவனை வரச்சொல்லு."

நீ போனது அவளுக்குத் தெரியாது, சொன்னால் உடைந்துபோவாள் என்று நினைத்துத் திரும்பினேன். அடுத்த வாரம் போனபோது சேற்றில் கிடந்தாள். வால் நுனி காய்ந்து வெடித்திருந்தது. அப்போதும் வர மறுத்தாள். காய்ந்தே செத்துப்போவேன் என்று ஒருத்தி பிடிவாதம் பிடிப்பாளா?

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். கரையில் நின்றேன். நினைத்து வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"மதினி, எங்கண்ணன் தவறிட்டான்."

அவள் மெல்லத் திரும்பினாள்.

"தெரியும். அன்னைக்கே அந்தச் சத்தம் கல்லு வழியா வந்து என் முதுகுல அடிச்சுது."

"பெறகு எதுக்கு மதினி…"

"ஊருக்கெல்லாம் ஆள் போச்சுல்ல? எனக்கு யாரு வந்தா? கேதம் சொல்லக்கூட ஆளத்தவ, கடல்ல போயி நான் யாருன்னு சொல்லுவேன்? அங்கன கேப்பாகல்ல, இம்புட்டு நாளு எங்க இருந்தே, யாரு வீட்டுல வாழ்ந்தேன்னு."

அழும்போதும் சிடுசிடுத்தாள்: "எம்புட்டு அழுதாலும் இந்தத் தண்ணிக்கு உப்பு ஏற மாட்டேங்குது பாரு." அவள் தோளில் உன் கை பதிந்த வெள்ளித் தடம் இன்னும் இருக்கிறது, அண்ணே. நான் பார்ப்பதைக் கண்டதும் முடியை இழுத்து மூடிக்கொண்டாள். "கை வைக்காதன்னு சொன்னேன். கேட்டானா?"

கேத வீடு என்பதால் போய்வருகிறேன் என்று சொல்லாமல்தான் வந்தேன்.

கடலுக்கு வர ஒத்துக்கொண்டாள்; தண்ணி லாரி பேசிவிட்டேன். "ஏம்மா, இங்கன குடிக்கவே தண்ணியில்ல. நீ கடலுக்குத் தண்ணி கொண்டு போறியா?" என்று டிரைவர் சிரித்தார். "ஆமாண்ணே. போகணும்" என்றேன். தலையைக் குனியாமல் சொன்னேன்.

அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நம்பினாளா என்று தெரியவில்லை. கடைக்குப் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து ஈரத்துணியில் சுற்றிவைத்தாள். "புருசன் செத்தவளுக்குப் பூவாம்மா?" என்று கேட்டேன். "அவ தலைப்பூவுல எவன் கை வைக்கான்னு பாப்போம்" என்றாள்.

நாளைக் காலையில் கிளம்புகிறோம். அம்மாவும் வருகிறாள். கடற்கரையில் இறக்கும்போது இது யார் என்று நாலு பேர் கேட்பார்கள். வாயே திறக்காத உன் தங்கச்சி அங்கே சத்தமாகச் சொல்வாள், "எங்க மதினி" என்று. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் தங்கச்சியும்
அவள் நாத்தனாருமான
செல்வி