பிலோமினா வீட்டு மருந்து

12-11-1956, திங்கள்

பள்ளி விட்டு வரும்போது பிலோமினா வீட்டு மாடத்தில் சிவப்பு மருந்துப் புட்டியைப் பார்த்தேன். வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் காகிதம் அதில் ஒட்டியிருந்தது. அவளைப் பெற்ற நைனா ஒரு மில்லில் தொழிலாளி. சர்க்கார் இன்ஷூரன்ஸ் அட்டையைக் காட்டினால் மருந்து இலவசம். என் நைனா ராயபுரத்துக் கடலில் கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். அவருக்கு யார் அட்டை கொடுப்பார்கள்? எங்கள் வீட்டில் அம்மாவின் இருமல் மருந்து தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது.

பொறாமை தாங்காமல் அவளிடம் குத்தலாகக் கேட்டேன். "அட்டை வேலை செய்றவங்களுக்கு மட்டுந்தானாமே, பேப்பர்ல படிச்சேன். உங்கம்மாவும்தான் இருமுறாங்க. அவங்களுக்கு இன்னா பண்ணுவீங்க?"

பிலோமினா சிரித்தாள். "நீ படிச்சதுதான் மிச்சம். எங்க நைனா டாக்டராண்ட போய் லொக்கு லொக்குனு இருமுவாரு. மருந்து அம்மாவுக்கு வந்துடும். அவருக்கு இன்னா, குண்டுக்கல்லாட்டம் கீறாரு."

அது தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் நினைவு வந்தது; பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா இப்போதும் இருமுகிறாள். நைனா படுக்காமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார். அவர் எவ்வளவு பொய்யாக இருமினாலும் மருந்து எழுதித் தர ஒரு டாக்டரும் இல்லை.