அப்பாவின் பைக்குள் ஒரு யானை

ஆகஸ்ட் 9, இரவு

அப்பா ஆபிரிக்கக் காட்டுக்குள், நடந்து போய் மிருகம் பார்க்கிற முகாமில் நிற்கிறார். அவர் எங்கேயும் கொண்டு திரியிற முதுகுப்பையில், மிக்சர் பக்கற்றுக்கு அடியில், என் பழைய போனை ஒளித்து வைத்தனான். அங்கே காலை ஆறு மணிக்கு அதின்ர அலாரம் யானை மாதிரிப் பிளிறும். பகிடிக்குத்தான்.

பின்னேரம் அப்பா போன் எடுத்தார். "விடிய அஞ்சரைக்கு நடக்க வெளிக்கிடுறம் மோனை. குட்டியோட யானை நிக்குதாம். மூச்சுச் சத்தமும் கேக்கக்கூடாதாம்."

குறட்டையையே அடக்கத் தெரியாத மனுசன்! ஏசுவாரெண்டு ஒளித்த போனைப் பற்றி நான் சொல்லவில்லை.

இப்போ அவருக்கு இருபது தரம் போன் எடுத்திட்டன். லைன் போகுதில்லை.

அம்மா எட்டிப் பார்த்தா. "என்னடா, நித்திரை வரேல்லையோ?"

"அப்பாவை நினைச்சு..."

"அச்சா பிள்ளை" எண்டு தலையைத் தடவிவிட்டுப் போனா.

அங்கே எங்களைவிட ஆறு மணித்தியாலம் முந்தி; இங்கே இரவு பன்னிரண்டு அடித்தால் அங்கே விடிய ஆறு. இப்போ பதினொன்று ஐம்பது. பிள்ளையாரே, பற்றரி இறங்கியிருக்க வேணும். நூறு வீதம் சார்ஜ் ஏற்றினதும் நான்தான்.